துவர்ப்பு

வேலியோரக் கயிற்றில்
வெள்ளைத் தாளை மாட்டிக்கொண்டிருந்தேன்.
"என்னத்த காயப் போடுற பீவி?"
என்று கேட்டாள் சேதுராக்கு.
காத்தை, என்றேன்.
சிரித்துக்கொண்டே மூட்டத்துப் பக்கம் போய்விட்டாள்.

சாயல்குடிக்குத் தெற்கே, கடல் சத்தம் கேட்கிற தூரத்தில்,
வெட்டி முடித்த சீமைக்கருவைக் காட்டில்
ஒன்பது கரிமூட்டம்.
மண் பூசி மூடிய விறகு
பத்து நாள் எரியாமல் எரிய வேண்டும்.
எங்காவது ஓட்டை விழுந்தால் சாம்பல்.
சாம்பலுக்கு எவனும் காசு தருவதில்லை.
அதனால் நடுச்சாமத்திலும் எழுந்து
புகையின் நிறம் பார்ப்பாள்.
வெள்ளையென்றால் இன்னும் ஈரம்,
நீலமென்றால் வெந்துவிட்டது.
நான் தாளின் நிறம் பார்ப்பவள்.
மூன்றாம் நாள் அது
அவள் முழங்கையைப் போல இருந்தது.

மண்டபம் வரை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன்.
"சோறா?" என்றார் கண்டக்டர்.

எங்கள் ஆய்வகத்தில் ஒரு தோல் வளர்கிறது.
எந்தத் தேசத்திலோ யாரோ ஒருவன்
விட்டுப்போன துணுக்கு.
அவன் இறந்திருக்கலாம்.
தோலுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச்சேரவில்லை.
முப்பத்தேழு டிகிரி வெதுவெதுப்பில்
ரோஸ் நிறக் கஞ்சி குடித்துக்கொண்டு
இரண்டு நாளைக்கொருமுறை இரட்டிக்கிறது.
என் மகனுக்குக்கூட
இப்படி நேரம் தவறாமல் ஊட்டியதில்லை நான்.

பகோடாப்பாசி கொண்டுவருகிறவள்
சின்னப்பாலம் லூர்தம்மா.
விரலெல்லாம் துணிச் சுற்று,
நெற்றியில் கண்ணாடியின் தழும்பு.
பாசியைச் செடி என்று சொல்லக்கூடாது,
வேருமில்லை பூவுமில்லை
என்று எங்கள் டாக்டரம்மா திருத்துவார்.
"வேரில்லாட்டி என்ன,
பிச்செடுக்கயில என் நகமில்ல போவுது"
என்று சாக்கை உதறுவாள் லூர்தம்மா.

பாறையை விட்டு அது எங்கும் ஓட முடியாது.
உச்சி வெயில் இறங்கும்.
மீன் வரும், கொறிக்கும்.
நின்ற இடத்தில் நின்றபடி
உடம்புக்குள் ஒரு துவர்ப்பைக்
காய்ச்சிக்கொள்கிறது.
கடித்த மீன் துப்பிவிட்டுப் போகும்.

அந்தத் துவர்ப்பைத்தான் பிரித்தெடுத்தோம்.

தொண்ணூற்றாறு குழி,
எறும்பு வீட்டு இட்லித்தட்டு.
எல்லாக் குழியிலும் அந்தப் பெயரில்லாதவன் தோல்.
பாதிக்குக் கரிப்புகை மட்டும்.
பாதிக்குத் துவர்ப்பு முதலில், புகை பிறகு.
மறுநாள் சாயம் விட்டால்
உயிரோடிருப்பது நாவல்பழமாகும்.
செத்தது மஞ்சளாகவே கிடக்கும்.

ஒரு பக்கம் நாவல்.
ஒரு பக்கம் மஞ்சள், நடுவில் அங்கங்கே
சொல்பேச்சு கேட்காத ஊதா.

டாக்டரம்மா நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார்.
பால்கோவா வந்தது.
சென்னையிலிருந்து கிரீம் கம்பெனி ஆள் வந்தார்,
குப்பியை மூக்கருகே கொண்டுபோய்
மீன் வாடையை எடுக்க முடியுமா என்றார்.
அவர்கள் மாடிக்குப் போன பிறகு
தட்டைக் கழுவியது நான்.
பிழைத்த குழிக்கும் பிழைக்காத குழிக்கும்
ஒரே பிளீச்சிங் தண்ணி.

அடுத்த மாதம் புதுத் தாளோடு போனேன்.
"ஒங்காத்து காஞ்சுதா?"
சொன்னேன், எனக்குத் தெரிந்த தமிழில்.
மீன் துப்புகிற இடத்தில் நிறுத்தி
இன்னொரு தரம் சொல்லச் சொன்னாள்.
பிறகு மூட்டத்தைப் பார்த்தபடி,
"இருவத்தாறு வருசமா மெல்லுது,
இது இன்னும் என்னியத் துப்பலியே" என்றாள்.

அந்த மருந்து எப்போது வரும் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் சொல்ல
என்னிடம் ஒரு தேதியும் இல்லை.

வேலியோரக் கயிற்றில் கிளிப்பைத் திறந்தேன்.
தாளைக் கையிலிருந்து வாங்கினாள்.
ஓரத்தில் அவள் பெருவிரல் கறுப்பாகப் பதிந்தது.
அந்தத் தாள் இனிக் கணக்கில் சேராது.
நான் சொல்லவில்லை.

மூட்டத்துக்கு மூன்றடி தள்ளி
ஒரு கம்பை ஊன்றி,
காற்று வரும் திசைக்கு முகம் காட்டி,
தன் கழுத்து உயரத்துக்குக் கட்டினாள்.

"அங்கன யாரு நிக்கிறா?
இங்க மாட்டு.
நான் நிக்கிறது இங்கதான்."